சில்லுப் பூட்டிய வீடும் சொந்தக்காரர் வாசல்களும்

1

முதலிலேயே என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

எனக்கு நுளம்பு ஒத்துக்கொள்ளாது. ஈரப் புல்லில் கால் வைத்தால் தும்மல் வரும். வாகனத்தை முன்னுக்கு ஓட்டத் தெரியுமே தவிர, பின்னுக்கு எடுப்பதென்றால் மனைவி வசந்தி இறங்கி நின்று கை காட்ட வேண்டும். அவள் காட்டும் கைக்கும் நான் திருப்பும் பக்கத்துக்கும் இன்றுவரை சம்பந்தம் ஏற்பட்டதில்லை. இப்படிப்பட்ட நான்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு மோட்டார் ஹோம் வாங்கினேன். ஊரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, கீழே சில்லுப் பூட்டி, முன்னுக்கு ஒரு ஸ்ரேரிங்கும் வைத்த வீடு அது. பழையது. இரண்டு வெள்ளைக்காரக் குடும்பங்கள் பாவித்துக் களைத்த பிறகு எங்களிடம் வந்தது.

ஏன் வாங்கினாய் என்று கேட்டால், என் சகலன் யோகன் வாங்கியிருந்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

யோகன் வசந்தியின் தங்கை சாந்தியைக் கட்டியவன். என்னைவிட இளையவன், என்னைவிட உயரம், என்னைவிட நல்ல பிரெஞ்சு. பொறாமைப்படுவதற்கு ஒரு கெட்டவன் கிடைத்திருந்தாலும் மனது ஆறியிருக்கும். இவன் நல்லவன். அவனுடைய வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். வாசலில் இரண்டு லொறியை நிறுத்தலாம். நான் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி. எங்கள் தெருவில் இந்த வாகனத்தை ஒரு கிழமை நிறுத்தினால் வருகிற தண்டச் சீட்டுகளை வைத்துச் சுவருக்குத் தாள் ஒட்டலாம். அதனால் என் வாகனம் வருடம் முழுக்க யோகன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதாவது என் பொறாமையை அவன் வாசலிலேயே, வாடகையில்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு அதன் கூரையில் ஏறிய பனியைத் தள்ளுவதற்காக மகள் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். யோகன் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தான். நாங்கள் முன்பு போன ஏரிக்கரைக் காம்பிங்காரர், அதாவது இப்படியான வாகனங்கள் நிற்க இடத்தை வாடகைக்கு விடுகிறவர்கள், வரும் கோடைக்கான விலைப்பட்டியலை அவனுடைய விலாசத்துக்கே அனுப்பியிருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்த இடத்திலிருந்துதான் இந்தக் குறிப்பு தொடங்குகிறது.

2

பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்தில் ஜூலை கடைசியில் கட்டட வேலைக்காரருக்கு இரண்டு கிழமை லீவு. அவர்களோடு சேர்ந்து மிச்சச் சனமும் லீவு எடுத்துக்கொண்டு ஏரி, ஆறு, காடு என்று கிளம்பிவிடும். காம்பிங்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம். நாங்கள் போகத் தொடங்கிய வருடம் ஒரு இரவுக்கு ஒரு விலை, அவ்வளவுதான். அடுத்த வருடம் மின்சாரத்துக்குத் தனிக்காசு வந்தது. பிறகு தண்ணீருக்கு. பிறகு விறகுக்கு; வெளியிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது, அங்கேதான் வாங்க வேண்டும். பிறகு ஏரியைப் பார்த்த இடத்துக்கு ஒரு விலை, மரத்தைப் பார்த்த இடத்துக்கு ஒரு விலை. எங்களுக்குக் கிடைத்தது பொதுக் குளியலறையைப் பார்த்த இடம். அதுவும் மலிவில்லை.

எங்களை விழுத்தியது விருந்தாளிக் காசு. வெள்ளைக்காரர் காம்பிங் போனால் அவரை யாரும் தேடி வருவதில்லை. அதற்காகத்தானே அவர் போகிறார். நாங்கள் போனால் மூன்று கார் நிறையச் சனம் றோல்ஸ் பலகாரப் பெட்டியோடு பார்க்க வரும். சொந்தக்காரருக்கு அது ஒரு கடமை. வாசலில் இருந்த பெட்டை ஒவ்வொரு தலையாக எண்ணி என் பெயரில் எழுதினாள். நான் என் பிரெஞ்சில் இவர்கள் இரவு நிற்கமாட்டார்கள், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைக்குழந்தையையும் சேர்த்து எழுதினாள்.

வசந்தி அன்றைக்குச் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. ஊரில் ஷெல்லுக்குப் பயந்து ஓடிய நாட்களில் நாங்கள் ட்ராக்டர் பெட்டிக்குள் படுத்தவர்கள். நுளம்பு அடித்தபடி அவள் கேட்டாள், “இஞ்சேருங்கோ, அண்டைக்கு ட்ராக்டர் பெட்டிக்குள்ள சும்மா படுத்தனாங்கள். இப்ப அதே படுக்கைக்குக் காசு குடுக்கிறம். இதுதானோ முன்னேற்றம்?”

பக்கத்து இடத்தில் யோகனின் வாகனத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அவனுக்கு மரத்தைப் பார்த்த இடம் கிடைத்திருந்தது. என் மகள் அந்த வாகனத்துக்குள்தான் இருந்தாள்.

அப்போது இதுதான் என் உண்மையான வருத்தம், இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை. வாகனம் வாங்கிய முதல் கோடையிலிருந்து தர்ஷினி என் வாகனத்தில் ஏறி வந்திருக்கவில்லை. யோகனின் மகள் மீராவும் அவளும் ஒரே வயது. இரண்டும் ஒன்றோடொன்று பிரெஞ்சில் குசுகுசுக்கும். யோகனும் அதே பிரெஞ்சில் பகிடி விடுவான், மூன்றும் சிரிக்கும். எனக்குப் பகிடி விளங்குவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். நான் வெறும் வீட்டை ஓட்டிக்கொண்டு பின்னால் போவேன். அவளுக்குப் பதினாறு முடிய இருந்தது. இன்னும் எத்தனை கோடைக்கு எங்களோடு வரப்போகிறாள்? ஒரு முறையாவது என் வாகனத்தில் வரவேண்டும், அதுவும் தானாக விரும்பி வரவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் பிடித்துவிட்டது.

3

விலை ஏற ஏற யோகன் காம்பிங்கை விட்டுவிட்டான். அவன் விட்டதும் எனக்குச் சந்தோசம். இனி என்ன செய்வான் பார்ப்போம் என்று. அவன் ஒரு ஆட்டுப் பண்ணைக்குப் போய்க் கதவைத் தட்டி, இரவுக்கு உங்கள் வளவு ஓரத்தில் நிற்கலாமா என்று கேட்டான். அவர்கள் ஓம் என்றார்கள். காலையில் கொஞ்சம் பாற்கட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டான். அடுத்து ஒரு அப்பிள் தோட்டம். அடுத்து ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் பின்புறம். ஒன்றும் கிடைக்காத நாளில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடைகளின் தரிப்பிடம். அங்கே இரவில் இப்படி வாகனங்கள் நிற்பதை அவர்கள் தடுப்பதில்லை, காலையில் எழும்பி நாங்கள் எதையாவது வாங்குவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் செருப்புத் தேடுகிற நேரத்தில் யோகனைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். எந்தக் கடை விடும், எந்தப் பண்ணையில் நாய் இருக்கு, தண்ணீர் எங்கே நிரப்பலாம் என்று கேட்பார்கள். சொந்தமாக வாகனம் இல்லாதவர்களும் கேட்பார்கள். முருகனுக்கு அடுத்து அங்கே அவனுக்குத்தான் மதிப்பு என்று நினைத்தபடி நான் என் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவன் என்னைக் கையைப் பிடித்து இழுத்து, “அண்ணையும் எங்களோடை பண்ணைக்கு வாங்கோவன்” என்று எல்லார் முன்னிலும் கூப்பிட்டான். அந்தக் கூப்பிடுதலில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கூடச் சுட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. முன்பின் தெரியாத வெள்ளைக்காரனின் வளவில் நிற்பதில் என்ன கெட்டித்தனம்? எங்கள் சனத்திடம் இல்லாத வாசலா? ரொறன்ரோவில் மட்டும் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் எத்தனை வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் சீமெந்து போட்ட வாசல். குழாயில் தண்ணீர், சுவரில் மின்சாரம், கதைக்கத் தமிழ். காம்பிங்கில் இதற்கெல்லாம் தனித்தனிக் காசு. நான் வசந்தியிடம் சொன்னேன். அவள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அது ஒரு எச்சரிக்கை என்பது எனக்குப் பேந்துதான் விளங்கியது.

எங்களோடு வருவாயா என்று தர்ஷினியிடம் நேரே கேட்கப் பயமாக இருந்தது. அவள் காதில் பாட்டு மாட்டியிருக்கும்போது கேட்டேன். கேளாவிட்டால் கேட்காததாகவே இருக்கட்டும் என்று. அவள் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, சாரதி இருக்கைக்கு மேலே இருக்கிற தட்டுக் கட்டில் தனக்குத் தனியாக வருமா என்று கேட்டாள். யோகனின் வாகனத்தில் அந்தத் தட்டில் மூன்று பேர் நெரிந்து படுக்கிறார்கள். எங்கள் தட்டில் சின்ன யன்னல் இருக்கிறது, இழுத்து மூடத் திரை இருக்கிறது. “ஒவ்வொரு இரவும் அதிலதான் படுப்பன். ஒருத்தரும் என்னை எழுப்பக் கூடாது” என்றாள். ஓம் என்றேன். வாக்குக் குடுக்கும்போது எனக்கு எப்போதும் கை தாராளம்.

4

போன கோடை ரொறன்ரோவுக்கு வெளிக்கிட்டோம். அங்கே ஸ்காபரோவில் வசந்தியின் பெரியம்மாவின் மகள் பரமேஸ் அக்காவின் வாசலில் வாகனத்தை நிறுத்தினோம். மூன்று முறை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து, ஒரு ரோசாச் செடியை மட்டும் பலி கொடுத்து. வெறுங்கையோடு போகக் கூடாதென்று வழியில் கேக், பழம், பிள்ளைகளுக்குச் சொக்லேட் எல்லாம் வாங்கியிருந்தோம். அந்தக் காசுக்கு ஏரியைப் பார்த்த இடத்திலேயே ஒரு இரவு நின்றிருக்கலாம்.

சாப்பாடு முடிந்தது. நான் எழும்பி, சரி அக்கா, நாங்கள் வாகனத்துக்குப் போய்ப் படுக்கப்போறம் என்றேன். எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். யாரோ செத்த செய்தி வந்தது போல.

“என்ன கதை இது?” என்றார் பரமேஸ் அக்கா. “இவ்வளவு பெரிய வீடு இருக்கேக்கை, வாசல்ல வாகனத்துக்குள்ள படுக்க விட்டனாங்கள் எண்டு ஊரில கேள்விப்பட்டால் அம்மா என்னை என்ன நினைப்பா?”

நான் அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அக்கா, நாங்கள் வந்ததே அதற்குள் படுக்கத்தான் என்று. அப்படிச் சொல்ல நான் வேறு சனத்தில் பிறந்திருக்க வேண்டும். விருந்துக்கு வந்த இடத்தில் வீட்டுக்காரர் பாய் விரித்த பிறகு எழும்பி வெளியே போகிறவனை எங்கள் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள். ஹோலில் மெத்தை போட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தர்ஷினியை நடுவில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு மாமிமார் அவள் என்ன படிக்கப்போகிறாள் என்று விசாரித்தார்கள். வெளியே வாசலில் என் வாகனம் மின்சாரம் குடித்துக்கொண்டு, ஒருவரும் படுக்காத கட்டில்களோடு வெறிச்சென்று நின்றது.

அடுத்த நாள் பக்கத்து ஊர் அஜக்ஸில் என் மச்சான் வீடு. பரமேஸ் வீட்டில் நின்றீர்கள், எங்கள் வீட்டில் நிற்கமாட்டீர்களா என்று அவர் ரெலிபோனிலேயே பெருமூச்சு விட்டார். அங்கே நிலவறையில் மெத்தை. அதற்கடுத்த வீட்டில் புதுச் சோபா. அதை நாங்கள்தான் முதலில் விரித்துப் படுக்க வேண்டுமென்று பொத்தி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டிலாவது தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரரின் மனைவி நேர்ஸ். தனியாகப் படுக்கவிடமாட்டேன் என்று இரண்டு முறை எழுப்பிப் பார்த்தாள்.

அங்கே நின்ற மாலை மீரா ரெலிபோன் எடுத்தாள். தர்ஷினி வாசற்படியில் குந்தியிருந்து கதைத்ததில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஆற்றங்கரையில் ஒரு பண்ணை, கூரை மூடியைத் திறந்துவிட்டுப் படுக்கிறார்கள், யோகன் சித்தப்பா ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் படம் எடுத்தவர். தர்ஷினி ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

யோகனின் நிலைமையை அன்று இரவு மெத்தையில் புரண்டபடி யோசித்தேன். அந்தப் பண்ணைக்காரன் இடத்தைக் காட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் படுக்கப் போய்விட்டான். நீ எந்த ஊர், ஆரின்ரை மகன், ஏன் சாப்பாட்டைக் குறைத்துப் போட்டாய் என்று அவன் கேட்கவில்லை. அன்பில்லாத மனிதன். எனக்கு அப்படி ஒருவன் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

5

திரும்பி வரும் வழியில் ஒரு இரவுதான் மிச்சம். தர்ஷினி பின் இருக்கையில் காதில் பாட்டை மாட்டியிருந்தாள். பாலம் ஏறி, எங்கள் நகரம் இருக்கிற தீவின் மேற்கு நுனியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குள் வந்தபோது, வீட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம்கூட இல்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய கடையும் அதன் தரிப்பிடமும் தெரிந்தன. ஒரு மூலையில் இரண்டு மோட்டார் ஹோம்கள் நின்றன. நான் திருப்பினேன்.

“வீடு இந்தா இருக்கு. உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் வசந்தி.

உத்தரவு கேட்க வேண்டும். யோகன் எப்போதும் கேட்பான். நான் தர்ஷினியிடம் பிரெஞ்சு வசனத்தைச் சொல்லிப் பழகினேன். அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள், அந்த நாலு நாளில் அவள் என்னோடு அதிகம் கதைத்தது அப்போதுதான். கடை வாசலில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் போய் வசனத்தை முழுவதாக ஒப்புவித்தேன். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

“தமிழோ அண்ணை?” என்றார்.

தமிழென்றால் அடுத்தது என்ன வருமென்று எனக்குத் தெரியும்.

அவர் மன்னார் ஆள். பெயர் செபமாலை. நிற்கலாம், மனேச்சர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் இங்கே ஏன் நிற்க வேண்டும், வீடு கிட்டத்தான், மனுசி மீன் வாங்கி வைத்திருக்கிறாள், பிள்ளைகளின் அறையைத் தருகிறோம், வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். தர்ஷினி தட்டுக் கட்டிலில் ஏறிவிட்டாள். சின்ன யன்னலில் அவள் முகம் தெரிந்தது. அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. திரையை மெதுவாக இழுத்து மூடத் தொடங்கினாள்.

“இல்லை அண்ணை,” என்றேன். “நாங்கள் இதுக்குள்ளதான் படுக்கப்போறம்.”

அவர் வற்புறுத்தினார். நான் இல்லை என்றேன். இன்னொரு முறை கேட்டார், இன்னொரு முறை இல்லை என்றேன். அவர் கையைத் தள்ளுவண்டியிலிருந்து எடுத்தார்.

“எங்கடை வீட்டில படுத்தால் குறைஞ்சு போவியளோ அண்ணை?”

சத்தமில்லாமல்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குள் எங்கள் ஊர்களின் பழைய அழுக்கு முழுதும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது என்று பார்த்த சனத்திலிருந்து வந்தவன் நான். பகிடி ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற காரியம், நான் உள்ளதைச் சொன்னேன். மகள் என் வாகனத்தில் வந்ததே இதுதான் முதல் தடவை. அந்தத் தட்டில் படுக்கலாம் என்று வாக்குக் குடுத்துக் கூட்டி வந்தேன். போன வீடெல்லாம் எங்களை உள்ளே இழுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஏமாற்றினால் இனி வரமாட்டாள். அவள் சித்தப்பாவோடு போய்விடுவாள்.

செபமாலை யன்னலைப் பார்த்தார். திரை பாதியில் நின்றிருந்தது. அவருக்கும் பெண் பிள்ளைகள் போல. சிரித்துவிட்டார்.

“அப்ப சாப்பாட்டை இஞ்சை கொண்டு வாறன். அதுக்கு இல்லை எண்டு சொல்லாதேங்கோ.”

சொல்லவில்லை. வேலை முடிந்து மனைவியோடும் இரண்டு பெரிய சட்டிகளோடும் வந்தார். வாகனத்துக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரைகளை விரித்து, தள்ளுவண்டியைக் கவிழ்த்து மேசையாக்கிச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வாகனத்து வெள்ளைக்காரக் கிழவர் வாசம் பிடித்து வந்து, எந்தக் காம்பிங்கில் இப்படிச் சாப்பாடு தருகிறார்கள் என்று கேட்டார். அவருக்கும் ஒரு தட்டு. அவர்கள் போன பிறகு நான் கீழ்க் கட்டிலில் படுத்தேன். தலைக்கு மேலே தட்டில் என் பிள்ளை புரளும் சத்தம் கேட்டது. ஒரு மின்கம்பத்தின் வெளிச்சம், லொறிகளின் இரைச்சல். ஏரியும் இல்லை, மரமும் இல்லை. ட்ராக்டர் பெட்டியைக் காட்டிலும் கொஞ்சம் சொகுசு. எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில் வரவில்லை.

6

இந்தக் கதையை யோகனிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கேட்காதீர்கள். கோயிலில் செருப்புத் தேடும் கூட்டத்துக்கும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அந்த மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் ருசியாகும். யோகன் ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பது போலக் கேட்டான். பொறாமைப்படுகிற மாதிரியாவது நடித்திருக்கலாம்.

போன ஞாயிறு விலைப்பட்டியலை நான் வாகனத்துக்குள் இருந்து வாசித்தேன். விலை மறுபடியும் ஏறியிருந்தது. இந்த முறை குளியலறையைப் பார்த்த இடத்துக்கே தனி விலை. உள்ளே வெளியைவிடக் குளிர். தர்ஷினி கோட்டைக் கழற்றாமல் தட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு, காதில் பாட்டோடு யன்னலில் விரலால் கீறிக்கொண்டிருந்தாள். வெளியே யோகன் என் கூரைப் பனியைத் தள்ளும் சத்தம். நான் கேட்கவில்லை; தானாக ஏறி நின்று தள்ளிக்கொண்டிருந்தான்.

தாளை மடித்து வைத்தேன். இனி அந்த ஏரிக்கரைப் பக்கமே போக வேண்டியதில்லை, செபமாலை எங்களை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பண்ணைகளும் இருக்கின்றன, உன் பிரெஞ்சுக்கு எந்தக் கதவும் திறக்கும் என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டேன். வாற கோடையும் எங்கடை வாகனத்திலதானே, பிள்ளை?

அவள் ஒரு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

“சித்தப்பாவும் இதில வந்தால்.”